மூளை மாத்திரை

தம்பி,

இங்கு அனைவரும் நலம் என்று எழுதித்தான் இத்தனை வருஷமும் உனக்குக் கடிதத்தை ஆரம்பித்திருக்கிறேன். இந்தத் தடவை அந்த வரியை விட்டுவிடுகிறேன். உன் கடிதமும், உன்னோடு பாங்கில் வேலை பார்க்கிறவர் கையில் நீ கொடுத்தனுப்பிய பார்சலும் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. டாக்டருக்குப் படிக்க முடியாமல் போனாலும் உன் எழுத்து மட்டும் டாக்டர் எழுத்தாகவே ஆகிவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். பார்சலில் இரண்டு பாட்டில், சிங்கப்பூர் சாமான். "அமினோ ஆசிட் மாத்திரை. பரீட்சை நேரத்துப் படபடப்புக்கும் ஞாபகத்துக்கும் நல்லது. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் இந்த மாதிரி ஒன்று இல்லாமல் நான் எந்தப் பரீட்சைக்கும் உட்கார்ந்ததில்லை. பி.எட். எழுதப் போகிறவளுக்கு உபயோகப்படும், கொண்டுபோய்க் கொடுங்கள்" என்று எழுதியிருந்தாய். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைப் பற்றி இவ்வளவு அக்கறையாக எழுதியது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பந்தல், மேளம், பத்திரிகையில் யார் பெயருக்குப் பிறகு யார் பெயர் என்று நான்கு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் ஓரமாக ஒரு வரி போட்டிருந்தாய். "முடிச்சுப் போடுவதற்குச் சித்தப்பா மகளைச் சொல்லி வைத்துவிடுங்கள்."

நம் ஆட்களில் மாப்பிள்ளை தாலியை எடுத்து முதல் முடிச்சுப் போடுவான். மற்ற இரண்டையும் அவன் கூடப் பிறந்தவள் போடுவாள். உனக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்தி இருக்கிறாள், உனக்குப் பிறகு நான் பெற்ற செல்வி. மதுரையிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுகிற கொட்டாம்பட்டியில்தான் இருக்கிறாள். அவளோடு நீ பேசிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஏன் என்று நம் சொந்தத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பி.யூ.சி. ஃபிசிக்ஸ் பரீட்சை அன்று காலையில் செல்வி உன் மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டிவிட்டாள், அதனால் நம் குடும்பத்துக்கு வர வேண்டிய டாக்டர் வராமல் போனான். அது ஒரு கதை மாதிரி ஊரெல்லாம் சுற்றிவிட்டது. அந்தக் கதையில் ஒரு ஆளை விட்டுவிட்டார்கள், அதைத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு ஆபீசர் பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, அது முடியட்டும் என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், இந்தப் பன்னிரண்டு வருஷமாக ஏதாவது ஒரு பரீட்சை எனக்குக் குறுக்கே வந்துகொண்டேதான் இருக்கிறது. கோபம் வந்தால் நடுவில் எழுந்து போகிற பழக்கம் உனக்கு உண்டு. போகாமல் கடைசி வரை படி.

உன் மாமா அப்போது மருந்துக் கம்பெனி ரெப்பாகச் சேர்ந்த புதிது. மதுரை வெயிலில் டை கட்டிக்கொண்டு, தோல் பையைத் தூக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு நம் வீட்டுக்கு வருவான். நீ எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் பையிலிருந்து ஒரு சாம்பிள் பாட்டிலை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தான். "இதப் பாருக்கா. குளுட்டாமிக் ஆசிட். அமினோ ஆசிட்டுல ஒண்ணு. மூளைக்கு நேரடிச் சாப்பாடு. மெட்ராஸ்ல கான்வென்ட்டுப் புள்ளைக எல்லாம் இதத் தின்னுட்டுத்தான் பரீட்சைக்கே போகுதுக" என்றான். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். புரதம் என்றால் என்ன, அமினோ அமிலம் என்றால் என்ன என்று கரும்பலகையில் படம் போட்டு, பருப்பும் பாலும் சாப்பிடுங்கள் பிள்ளைகளே என்று வருஷா வருஷம் சொல்கிறவள். அந்தச் சொல் எனக்குத் தெரிந்த சொல்லாக இருந்ததுதான் வினை. தெரியாத பெயர் ஏதாவது சொல்லியிருந்தால் பயந்து வேண்டாம் என்றிருப்பேன். தெரிந்த பெயரானதால் பெரிய மேதாவி மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு வாங்கி வைத்தேன்.

உன் அப்பாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க், செக்கானூரணிப் பக்கம் காட்டு வேலை பார்க்கிற குடும்பத்தில் முதன்முதலாகச் சட்டைப் பையில் பேனா குத்தியவர். "எங்க வகையறாவுல ஸ்டெதாஸ்கோப்பு மாட்டுன கழுத்து ஒண்ண நான் பாத்துரணும்" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நீ ஒன்பதாவது படிக்கும்போதே ஊரிலிருந்து வருகிறவர்கள் உன்னிடம் நாடி பிடித்துப் பார்க்கச் சொல்லிக் கையை நீட்டினார்கள். நீயும் சிரித்துக்கொண்டே பிடித்துப் பார்த்தாய். அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை.

எஸ்.எஸ்.எல்.சி.யில் நீ நல்ல மார்க் வாங்கினாய். மாத்திரை சாப்பிடாமல் இருந்திருந்தாலும் வாங்கியிருப்பாய், நீ அப்படித்தான் ஒன்றாம் வகுப்பிலிருந்தே படித்தாய். ஆனால் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. "மாத்திரை புடிச்சுக்கிருச்சுல்ல" என்றார் அப்பா. பக்கத்து வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் நானும் அதையே சொன்னேன். உன் உழைப்பைப் பிடுங்கி ஒரு பாட்டிலுக்குக் கொடுத்துவிட்டோம். வீட்டுக்குள் அதற்கு மூளை மாத்திரை என்று பெயரே வந்துவிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்குப் பாலோடு ஒன்று. நான் கையில் வைத்துக் கொடுப்பேன், நீ கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாய். புளிப்பில் முகம் ஒரு பக்கமாகக் கோணும். செல்வி அதைப் பார்த்து அப்படியே செய்து காட்டுவாள், நீ அவள் தலையில் குட்டுவாய். அவளுக்கு மாத்திரை கிடையாது. "அவளுக்கு எதுக்கு, அவ என்ன கலெக்டராகவா போறா" என்று அப்பா கேட்டதற்கு நானும் சேர்ந்து சிரித்தேன். நானும் சம்பளம் வாங்குகிற பெண்பிள்ளைதான். அப்படியும் சிரித்தேன்.

பி.யூ.சி. வருஷம்தான் அந்த அறை. பழங்காநத்தம் வீட்டில் பின்பக்கம் இருந்ததே, ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் முகத்தில் இடிக்குமே, அதுதான். ஊரிலிருந்து யாராவது வந்து உன்னைக் கூப்பிட்டு வைத்துப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று, ஒரு நாள் வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நீ வீட்டில் இல்லை என்று சொன்னேன். நன்றாக இருந்தது. மறுநாளும் செய்தேன். கொஞ்ச நாளில் அது வழக்கமாகிவிட்டது. காலேஜ் விட்டு வந்தால் காப்பி, பிறகு அறை, வெளியே தாழ்ப்பாள், சாப்பாட்டுக்குத்தான் திறப்பு. நடுவில் தண்ணீர் வேண்டும், வெளியே போக வேண்டும் என்றால் நீ கதவைத் தட்டினால் செல்வி திறந்துவிடுவாள். அவள் கதவுக்கு வெளியே தரையில் புத்தகத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காவல் என்று நான் சொன்னேன். ஆனால் அந்த வருஷம் முழுக்க அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நீ என்ன ஆனாய் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். "அண்ணன் ஒரே வரியத் திருப்பித் திருப்பிச் சொல்லுதும்மா. பெறகு ரொம்ப நேரம் சத்தமே வரமாட்டேங்குது" என்று என்னிடம் வந்து சொன்னாள். "மனப்பாடம் பண்ணுவான், நீ உன் சோலியப் பாரு" என்றேன். உள்ளங்கை வியர்த்து உன் நோட்டுத் தாள் நைந்து போயிருந்ததை நானும் பார்த்தேன். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். மார்கழி மாதத்தில் என்ன வெயில். கொஞ்ச நாளில் தாழ்ப்பாளைப் போடாவிட்டால் நீயே, "அம்மா, தாப்பாளப் போடு" என்று உள்ளே இருந்து குரல் கொடுக்க ஆரம்பித்தாய். பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு என்று நான் பெருமைப்பட்டேன், தம்பி. என்னத்தைச் சொல்ல.

பொங்கல் முடிந்ததும் உன் மாமா கம்பெனி மாறினான். புதுக் கம்பெனியில் இருமல் டானிக்கும் சொறி மருந்தும்தான். மூளை மாத்திரை வரத்து நின்றுபோனது. பெரியாஸ்பத்திரியைச் சுற்றி இருந்த மருந்துக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். "அது இப்ப வர்றதில்லீங்க டீச்சர்" என்று எல்லோரும் கையை விரித்தார்கள். உன்னிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஏனென்றால் பாட்டில் காலியான அன்று நீ புத்தகத்தையே திறக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். "படிச்சா மட்டும் என்னம்மா, நிக்காது" என்றாய். பதினேழு வயது உனக்கு. கணக்கில் உன் வாத்தியாரையே திருத்துகிறவன். அப்போதே உன் பக்கத்தில் உட்கார்ந்து, "இதெல்லாம் நீ படிச்சதுடா, மாத்திரை படிக்கல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதற்குப் பதிலாக மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய், வெள்ளையாக, ஏறக்குறைய அதே அளவில் என்ன மாத்திரை இருக்கிறது என்று கடையில் தேடினேன். கால்சியம் இருந்தது. "எலும்புக்கா டீச்சர்?" என்று கேட்டார் கடைக்காரர். "ஆமாங்க, முழங்கால் வலி" என்றேன். வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் உன் பழைய பாட்டிலில் கொட்டி மூடினேன். வாங்கி வந்த காகித உறையை அடுப்பில் போட்டேன். சாயங்காலம் அதைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்ததே, அந்த முகத்துக்காகத்தான் செய்தேன் என்று ரொம்ப காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் விழுங்கிவிட்டு, "புளிப்பே இல்லையேம்மா" என்றாய். "புது பேட்ச்சு. புளிச்சா வயித்தப் புண்ணாக்குதுன்னு எடுத்துட்டானுகளாம், மாமா சொன்னான்" என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது பார். பிள்ளைகள் பொய் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றுகிறவள் நான்.

அதற்கப்புறம் வந்த மாடல் பரீட்சையில் நீ காலேஜிலேயே முதல். ஃபிசிக்ஸில் ஒன்றிரண்டு மார்க்தான் போயிருந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்க்கக்கூட இல்லை, கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தாய். "அம்மா, புது பேட்ச்சு சூப்பராப் புடிக்குதும்மா. இனிமே ரெண்டு ரெண்டாப் போடுறேன்" என்றாய். அந்த நிமிஷத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அதைவிட நல்ல சமயம் ஒரு தாய்க்குக் கிடைக்காது. வெறும் கால்சியத்தைத் தின்றுவிட்டு முதல் மார்க் வாங்கியிருக்கிறாய், உன் மூளைக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிச் சிரித்திருக்கலாம். வாய் வரை வந்தது. அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு மாமாவுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏமாற்றினாயா என்று நீ கேட்டால் என்ன செய்வது, பெரிய பரீட்சைக்கு முன்னால் உடைந்து போனால் என்ன செய்வது என்று பயம் பிடித்துக்கொண்டது. ஏப்ரல் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். உன்னைத்தான் அறைக்குள் வைத்துப் பூட்டினோம் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றிலிருந்து நானும் உள்ளேதான் இருக்கிறேன்.

ஃபிசிக்ஸ் பரீட்சை அன்று காலை. அதற்கு முந்திய பரீட்சைகள் எல்லாம் நன்றாக எழுதியிருந்தாய். பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அலமாரியை நீ உருட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "பாட்டிலு எங்க?" என்று ஒரு கத்தல். காலிப் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு செல்விதான் வந்து நின்றாள். ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. "நான்தாண்ணே கொட்டுனேன். ஒனக்கு அது வேணாம்ணே. இல்லாம எழுதிப் பாருண்ணே" என்றாள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை, யூனிஃபார்ம் போட்டு ஒரு பக்கச் சடை மட்டும் பின்னியிருந்தாள். பின்பக்கச் சாக்கடையில் வெள்ளையாகக் கரைந்து கிடந்தது. உனக்குக் கை கால் எல்லாம் உதற ஆரம்பித்துவிட்டது. அப்பா கத்திக்கொண்டே உள்ளே வந்தார். நான் கரண்டியைப் போட்டுவிட்டுப் போய் அவளை அடித்தேன். முதல் அடி என்னுடையது, தம்பி. அப்பாவோ நீயோ கையை ஓங்குவதற்கு முன்னாலேயே நான் அடித்துவிட்டேன். அது கால்சியம் என்று தெரிந்த நான்தான் அடித்தேன். ஒன்றிரண்டு அடி இல்லை. அவள் அழவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு வைத்தேன். பிறகு மருந்துக் கடைக்கு ஓடினேன், கடை திறந்திருக்கவில்லை. திரும்பி வருவதற்குள் நீ பரீட்சைக்குக் கிளம்பிப் போய்விட்டாய்.

ஒரு மணி நேரத்தில் பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டாய் என்று பிறகு தெரிந்தது. முதல் கேள்விக்கு விடை தெரிந்தும் எழுத வரவில்லை, எழுத்தெல்லாம் ஓடியது என்று சொன்னாய். மெடிக்கல் சீட் கைவிட்டுப் போனது அந்த ஒரு பேப்பரால்தான். அப்பா பத்து நாள் மில்லுக்குப் போகவில்லை. பி.எஸ்ஸி. படித்தாய், பாங்குக்குப் போனாய், நன்றாகத்தான் இருக்கிறாய். ஆனால் அன்றைக்குச் செல்வியைப் பார்த்து, "இனி இவ மூஞ்சியில முழிக்கமாட்டேன்" என்று சொன்னாயே, அதை மட்டும் நீ விடவில்லை. ஒரே வீட்டில் ஆறு வருஷம் அவள் உன் தட்டில் சோறு போட்டு வைப்பாள், நீ எடுத்துக்கொண்டு போய்க் கூடத்தில் சாப்பிடுவாய். அவள் கல்யாணத்தில் நீ பந்தியை மட்டும் கவனித்தாய். அவள் பிள்ளைக்குக் காது குத்தினபோது தாய்மாமன் மடி வேண்டுமே, உனக்குத் தந்தி கொடுத்தோம், லீவு இல்லை என்றாய். உன் மாமா மடியில் உட்கார வைத்துக் குத்தினோம். அவள் மாமியார், "கூடப் பெறந்த மாமன் செத்தா போனான்?" என்று சபையில் கேட்டாள். செல்வி தலையைக் குனிந்துகொண்டு பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அப்பா போனபோது நீங்கள் இரண்டு பேரும் அவர் தலைமாட்டில் ஆளுக்கொரு பக்கம் நின்றீர்கள். அவர் இருக்கும் வரை சொல்ல முடியவில்லை என்று எனக்கு ஒரு சாக்கு இருந்தது. அவர் போன பிறகு அந்தச் சாக்கும் இல்லை. அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், நீ என்னை வெறுத்துவிடுவாய் என்ற பயம்தான், வேறென்ன. உன்னை இழக்காமல் இருக்க அவளைக் கொடுத்துவிட்டேன்.

போன வருஷம் எனக்கு நிஜமாகவே முழங்கால் வலி வந்தது. டாக்டரிடம் காட்டியபோது சும்மா கேட்கிற மாதிரி குளுட்டாமிக் ஆசிட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்தார். "அது பருப்புலயும் பால்லயும் இருக்கிறதுதானே டீச்சர். நீங்க வைக்கிற சாம்பார்லயே இருக்கு. அதத் தனியா மாத்திரையாத் தின்னு ஞாபகசக்தி வந்ததா நான் ஒருத்தரையும் பாத்ததில்ல. பயம் கொஞ்சம் தெளிஞ்சா அதுவே பாதிப் பரீட்சை" என்றார். பிறகு எனக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கால்சியம். தினமும் காலையில் அதை விழுங்குகிறேன்.

செவ்வாய்க்கிழமை உன் பார்சலைப் பிரித்து, பாட்டில் இரண்டையும் அலமாரியில் வைத்தேன். வரப்போகிற பெண்ணின் உள்ளங்கையிலும் நான் ஆரம்பித்த மாத்திரை வந்து உட்காரப் போகிறது. முடிச்சுப் போடுகிற இடத்தில் வேறு ஒருத்தி நிற்கப் போகிறாள். இதற்கு மேல் தாங்காது என்று நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறிக் கொட்டாம்பட்டிக்குப் போனேன். உனக்குச் சொல்வதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அடி வாங்கியவள் அவள்தானே. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆமாம், அவளும் டீச்சர்தான், ஒன்றியப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. நீ விசாரித்திருக்கமாட்டாய். அவள் எதிரில் உட்கார்ந்து, உனக்கு இதுவரை எழுதியதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் திருத்துவதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகு பேனாவை மூடிவிட்டு, "தெரியும்மா" என்றாள்.

"என்னடி தெரியும்?"

"அது கால்சியம்னு தெரியும். நீ அடுப்படியில ஒக்காந்து பாட்டில்ல கொட்டுனப்ப நான் பின்வாசல்ல நின்னேன். வயித்து வலின்னு பள்ளிக்கூடத்துல இருந்து சீக்கிரம் வந்துட்டேன் அன்னைக்கு. நீ போட்ட கவரு பாதிதான் எரிஞ்சிருந்துச்சு. எடுத்துப் படிச்சேன்."

"தெரிஞ்சுக்கிட்டா கொட்டுன? எதுக்குடி?" என்றேன்.

"தெரிஞ்சதுனாலதான் கொட்டுனேன். வெறுஞ் சுண்ணாம்பத் தின்னுட்டே அண்ணன் காலேஜுல மொதலா வந்துச்சு. அப்ப அதுக்கு மாத்திரையே வேணாம்ல? ஒரு நா இல்லாம எழுதிப் பாத்துச்சுன்னா அதுக்கே தெரிஞ்சுரும், கை நடுக்கமெல்லாம் நின்டுரும்னு நெனச்சேன். அதுவும் ஃபிசிக்ஸாப் பாத்துத்தான் கொட்டுனேன். அண்ணன் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட ஃபிசிக்ஸு சொல்லும்." திருத்திய தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டே, "சின்னப் புள்ள புத்தி. அம்புட்டுத்தான் தெரிஞ்சுச்சு" என்றாள்.

"அப்பவே சொல்ல வேண்டியதுதானடி. அது கால்சியம், அம்மாதான் மாத்தி வச்சாங்கன்னு அவன்ட்ட சொல்லியிருந்தா ஒனக்கு அடி விழுந்திருக்குமா?"

"அப்பா நின்னாரு. நான் சொன்னா ஒன்னைய என்ன செஞ்சிருப்பாரோ. அதான், நீயே சொல்லுவன்னு ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறமும் பாத்தேன்மா" என்றாள்.

பன்னிரண்டு வருஷம் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள், தம்பி. உன்னிடம் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு, மாமியாரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, என்னை ஒரு வார்த்தை காட்டிக் கொடுக்காமல். நம் வீட்டில் நாலு பேர் இருந்தோம். அப்பா மாத்திரையை நம்பினார். நான் பொய்யை நம்பினேன். நீயும் உன்னை நம்பவில்லை. உன் தலைக்குள் இருப்பது உன்னுடையதுதான், அது கைவிடாது என்று அந்த வீட்டில் நம்பியவள் ஒன்பதாவது படித்த செல்வி ஒருத்திதான். அவளைத்தான் நாங்கள் அடித்தோம்.

இன்று காலையில் உன் மாமாவையும் சித்தப்பாவையும் வீட்டுக்கு வரவழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி நான் பின்வாங்க முடியாது, அதற்காகத்தான் சொன்னேன். பார்சல் பாட்டில் இரண்டும் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. அந்தப் பெண்ணுக்கு நான் கொடுக்கமாட்டேன், நீ வந்து கொடுப்பதானால் கொடு. ஆபீசர் பரீட்சைக்கு நீ மாத்திரை போட்டுக்கொண்டு போனாலும் எனக்கு வருத்தமில்லை, போடாமல் போனாலும் வருத்தமில்லை. பாஸானாலும் ஆகாவிட்டாலும் நீ எனக்குப் பிள்ளைதான், இதை உன் பதினேழு வயதில் சொல்லியிருக்க வேண்டும். சித்தப்பா மகளிடம் முடிச்சுக்குச் சொல்லவில்லை. நேற்று கிளம்பும்போது செல்வியிடம், "கல்யாணத்துக்கு வாத்தா" என்றேன். "அண்ணன் கூப்புட்டா வாரேன்" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

என்னை என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள். மன்னித்தேன், மன்னிக்கவில்லை என்று எனக்குப் பதில் எழுதி நேரத்தை வீணாக்காதே. அவளுக்கு எழுது.

அம்மா